தண்ணீருக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தால்

கால்வஸ்டன் தீவின் உள்பக்கக் கரையோரமாக ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகில் போனால், தண்ணீருக்கு மேலே வரிசையாகப் புள்ளிகள் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கையில் சிப்பித் திட்டில் யாரோ நட்டுவைத்த குச்சிகள் என்று தோன்றும். கிட்டப் போனால்தான் அவை தொப்பிகள் என்று புரியும். ஒவ்வொரு தொப்பிக்குக் கீழேயும் ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருப்பார்.

டெக்சாஸ் கரையில் இதை வேட் ஃபிஷிங் என்பார்கள். படகிலிருந்தோ கரையிலிருந்தோ இறங்கி, மெல்ல நடந்தபடியே மீன்பிடிப்பது. நான் ஹூஸ்டன் பக்கத்துப் பியர்லாண்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் என்னிடம் படகு கிடையாது. காரை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பேன். அப்புறம் பழைய 19 அடிப் படகு ஒன்றை வாங்கினேன். அதனால் படகு வரும்போது தண்ணீரில் நிற்பவனுக்கு வயிற்றில் என்ன செய்யும் என்பதும் தெரியும், ஸ்டீயரிங் பிடித்திருப்பவனுக்கு முன்னால் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதும் தெரியும்.

போன மாதம் ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி ஊரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். “அண்ணே, படகு வாங்கிட்டேன். எங்கே போனால் மீன் கிடைக்கும்?” என்றான். இடம் அப்புறம் சொல்கிறேன், முதலில் அங்கே இருப்பவர்களோடு எப்படி நடந்துகொள்வது என்று கேள் என்றேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹூஸ்டன் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது படகு வாங்குகிறார்கள். யாரும் இதை உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

எல்லோரும் ஏன் ஒரே கரையில்?

வெஸ்ட் பே என்பது தீவுக்கும் டெக்சாஸ் பெருநிலத்துக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் களப்பு. பெரும்பாலும் ஆறடிக்குள்தான் ஆழம். வடக்கு ஓரமாக இன்ட்ராகோஸ்டல் கால்வாய் போகிறது, பார்ஜ் என்னும் பெரிய சரக்குப் படகுகள் அதில் வரும். தெற்கு ஓரம் தீவின் உள்பக்கக் கரை. வசந்தத்திலும் கோடையிலும் இங்கே காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசும். மணிக்கு 20 மைல் வேகத்தில் அது வீசினால் வடகரை கலங்கிக் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். தீவின் மறைவில் இருக்கும் தெற்குக் கரை மட்டும் தெளிந்து கிடக்கும். ட்ரவுட் மீனும் மடவைக் கூட்டமும் அங்கே, அவற்றைத் தேடி நாமும் அங்கே. களப்பு முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் அன்றைக்கு மீன்பிடிக்க ஏற்றது கரையோரம் இருநூறு கஜ அகலப் பட்டை மட்டும்தான். நெரிசலின் காரணம் இதுதான்.

படகில்லாமல் வருபவருக்கு இடம் இன்னும் குறைவு. கரையில் பாதி வீடுகள், பாதி சதுப்பு. கால்வஸ்டன் ஐலண்ட் ஸ்டேட் பார்க், எட்டு மைல் ரோட்டின் முனை, ஸ்போர்ட்ஸ்மன் ரோடு என்று பொதுமக்கள் இறங்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே இறங்கி, அரை மைல் தூரத்தை முக்கால் மணி நேரம் நடந்து ஒருவர் ஓர் இடத்துக்கு வந்திருப்பார். அதே அரை மைல் உங்கள் படகுக்கு ஒரு நிமிடம். அவருக்குக் காலையில் இருப்பது அந்த ஓர் இடம். உங்களுக்கு இன்னும் பத்து இடம் இருக்கிறது. படகில் இருப்பவர்தான் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இதை நியாயமில்லை என்பவர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

அவர் முகம் எந்தப் பக்கம்?

எல்லா விதிகளையும் மறந்துவிட்டாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. நடந்து மீன்பிடிப்பவருக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் அவருடையது. அவர் கடந்து வந்த தண்ணீர் உங்களுக்கு.

சட்டப்படி களப்பு தனி ஆள் யாருக்கும் சொந்தமில்லை, தெரியும். ஆனால் அவர் செய்யும் வேலையைப் பாருங்கள். ஓரடி ஓரடியாக நகர்ந்து, தூண்டிலை முன்னால் முப்பது நாற்பது கஜம் வீசி, அந்தத் துண்டு முழுவதையும் துழாவிய பிறகுதான் அடுத்த அடி வைக்கிறார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் எங்கே இருப்பார் என்பதை அவருடைய முகமே சொல்லிவிடும். அவர் வீசும் திசைக்கு நடுவே படகு போனால், இரண்டடித் தண்ணீரில் இருக்கும் மீன் அத்தனையும் கலைந்து ஓடும். நான் நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன். படகு போன கோட்டிலிருந்து மடவைகள் இரண்டு பக்கமும் துள்ளிச் சிதறும், அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் அசையாது.

ஆகவே தொப்பி தெரிந்ததும் செய்ய வேண்டியவை இவை. முதலில் அவர் கரையைப் பார்த்து வீசுகிறாரா, கரைக்கு இணையாக நடக்கிறாரா என்று கவனியுங்கள். கரையைப் பார்த்து வீசினால் அவருக்கும் கரைக்கும் நடுவே புகவே கூடாது, ஆழமான பக்கமாக வெகுதூரம் விலகிப் போங்கள். கரைக்கு இணையாக நடந்தால் அவருடைய முதுகுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். எது என்று தெரியவில்லையா, வடக்கே நடுக் களப்புக்குப் போய்ச் சுற்றிவிடுங்கள். ஒரு கேலன் பெட்ரோல்கூடச் செலவாகாது.

அவர் தனி ஆளாக இல்லாமல் நாலைந்து பேர் வரிசையாக இருந்தால், அந்த வரிசை முழுவதும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு நடுவே நூறு கஜம் இடைவெளி இருந்தாலும் அதற்குள் படகை விடக் கூடாது. அது வழி மாதிரி தெரியும். அவர்கள் வேண்டுமென்றே பிரிந்து நின்று மீனைத் தேடுகிறார்கள்.

அப்புறம், ஆளில்லாத படகு. நங்கூரமிட்டு நிற்கும், உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். புதிதாக வருபவர்கள் “யாரும் இல்லையே” என்று அதை ஒட்டிப் போவார்கள். படகு காலியாக நிற்கிறது என்றால் அதில் வந்தவர்கள் தண்ணீரில் இருக்கிறார்கள் என்றுதான் பொருள். காற்று முதுகில் பட வீசினால் தூண்டில் தூரம் போகும் என்பதால் பெரும்பாலும் காற்று போகும் திசையில்தான் நடந்திருப்பார்கள். அந்தப் பக்கம் நானூறு ஐநூறு கஜம் வரை கண்ணால் தேடுங்கள். படகுக்கும் அவர்களுக்கும் நடுவே போகாதீர்கள்.

எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று தம்பி கேட்டான். என் கணக்கு: முழு வேகத்தில் போவதானால் முந்நூறு கஜம். குறுகிய இடமாக இருந்து வேறு வழியே இல்லை என்றால் நூறு கஜம், அதுவும் மிக மெதுவாக. முப்பது மைல் வேகத்தில் போகும் படகு நூறு கஜத்தை ஏழு விநாடியில் கடந்துவிடும். தண்ணீரில் நிற்பவரால் அந்த ஏழு விநாடியில் இரண்டு அடிகூட நகர முடியாது. அவர் கால் சேற்றில் இருக்கிறது. போதாததற்கு இங்கே திருக்கை அதிகம். பாதத்தைத் தூக்கி வைத்தால் திருக்கையின் மேலே மிதித்துவிடுவோம் என்று தரையோடு தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார்கள். பழகிய கால் அவசரத்திலும் அப்படித்தான் போகும். நீங்கள் ஹாரன் அடித்தால் அவர் ஒதுங்க மாட்டார், ஒதுங்க முடியாது.

அரை வேகம்தான் மோசம்

இதைப் படகு ஓட்டும் பலரே தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஆள் தெரிந்ததும் மரியாதைக்காக வேகத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். அப்போதுதான் பெரிய அலை எழும்பும். படகு முழு வேகத்தில் போகும்போது தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது, பின்னால் வரும் அலை சிறியது. ஊர்ந்து போகும்போதும் அலை சிறியது. இரண்டுக்கும் நடுவே பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி, தண்ணீரை உழுதுகொண்டு போகும் அந்த வேகம் இருக்கிறதே, அதுதான் நெஞ்சளவு தண்ணீரில் நிற்பவரைத் தள்ளிவிடும். குளிர்காலத்தில் அவர் நெஞ்சு வரை வரும், தண்ணீர் புகாத ரப்பர் உடை போட்டிருப்பார். அலை மேல்வழியாக உள்ளே இறங்கினால் உடை கனத்துவிடும்.

எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெகுதூரம் விலகி முழு வேகத்தில் போங்கள், அல்லது முந்நூறு கஜத்துக்கு முன்பே வேகத்தை முழுவதுமாக இறக்கி, அலை அடங்கிய பிறகு ஊர்ந்து போங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

தண்ணீரில் நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் சில படகுகள் வேகத்தைக் குறைக்காமல் போவது திமிரினால் அல்ல. பத்து அங்குலத் தண்ணீரில் ஓடும் படகு அங்கேயே நின்றுவிட்டால் மறுபடி எழும்ப அதைவிட ஆழமான தண்ணீர் வேண்டும். தரை தட்டி உட்கார்ந்துவிடும், அப்புறம் ப்ரொபெல்லர் சேற்றையும் கடற்புல்லையும் பிய்த்துப் போடும். டெக்சாஸில் 2013 முதல் ப்ரொபெல்லரால் கடற்புல்லை வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம். தீவின் மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் கிறிஸ்மஸ் பேயில் அந்தப் புல் இன்னும் நன்றாக இருக்கிறது, அங்கே இதை நினைவில் வையுங்கள். படகோட்டிக்கு நான் சொல்வது என்னவென்றால், நிறுத்த முடியாத ஆழத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் நுழையாதீர்கள். நுழைந்த பிறகு “என்னால் நிறுத்த முடியவில்லை” என்பது பதிலாகாது.

கரையை ஒட்டி முழு வேகத்தில் நீளத்துக்கும் ஓட்டுவதை இங்கே பர்னிங் என்பார்கள், கரையை எரிப்பது. ரெட்ஃபிஷ் கூட்டம் கலைந்து ஓடுகிறதா என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சிலர் இப்படிச் செய்கிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் அன்றைக்கு இருக்கும் அத்தனை பேருடைய காலையையும் எடுத்துத் தான் ஒருவர் அனுபவிப்பது அது. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

நான் செய்த தப்பு

படகு வாங்கிய முதல் வருடம், அக்டோபர் மாதம். தீவின் தென்மேற்கு முனையில் இருக்கும் கடல்வாயான சான் லூயிஸ் பாஸ் பக்கமிருந்து, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் காஸ்வே பாலத்தை நோக்கி விடியற்காலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். தீவு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடப்பதால் அந்த நேரத்தில் அந்த வழியில் வந்தால் சூரியன் சாய்வாக நேர் கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுக்கத் தகடு போல மின்னியது. கரையிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கஜத்தில் வந்தேன். என் வலது பக்கம், முப்பது கஜம்கூட இருக்காது, ஓர் ஆள் இரண்டு கையையும் தூக்கி நின்றார். நான் அவரைப் பார்த்ததே அவரைத் தாண்டிய பிறகுதான்.

நான் நிற்கவில்லை. பயந்துபோய் அப்படியே வந்துவிட்டேன். இறங்குதுறையில் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வேறொரு படகில் அவர் வந்து சேர்ந்தார். எழுபது வயது இருக்கும். கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, தான் அங்கே ஐந்து மணியிலிருந்து நின்றதாகவும், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக இறங்கியதாகவும் சொன்னார். “நீ என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பார்த்த பிறகு நின்றிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் மூன்று பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சூரியன் எதிரே இருந்தால் கரையிலிருந்து அரை மைல் தள்ளித்தான் ஓட்டுவேன். படகில் கூட வருபவரை முன்னால் உட்காரவைத்து, கரைப்பக்கம் பார்க்கும் வேலையைக் கொடுப்பேன், போனைப் பார்க்க விடமாட்டேன். தெரியாமல் ஒருவருக்கு இடைஞ்சல் செய்துவிட்டால், இஞ்சினை அடக்கி, கையைத் தூக்கி, “மன்னிச்சுக்கோங்க, உங்களைப் பார்க்கலை” என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு மெதுவாக விலகுவேன். இதற்குப் பத்து விநாடி ஆகும். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திட்டியதில்லை.

இடத்தைப் பகிர்ந்துகொள்வது

நீங்களும் படகை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் இறங்குங்கள், அவர்கள் போகும் திசையிலேயே போங்கள். முன்னால் போய் இறங்குவதானால் அரை மைலாவது தள்ளிப் போங்கள். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்று தூரத்திலிருந்து கேட்டால் டெக்சாஸ்காரர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். பல தடவை “இங்கேயே இறங்கு, இடம் இருக்கிறது” என்று அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள்.

நானூறு கஜத்துக்கு முன்பே பெரிய இஞ்சினை அணைத்து, ட்ரோலிங் மோட்டார் என்னும் சத்தம் குறைந்த சிறிய மின் மோட்டாருக்கு மாறுங்கள். நங்கூரத்தைத் தூக்கி எறியாமல் கையால் இறக்குங்கள். ஐஸ் பெட்டியின் மூடியை டமாரென்று போடாதீர்கள், தண்ணீரில் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். பாட்டு வேண்டாம். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சுச் சத்தம் கொஞ்சம் ஏறிவிடும், அதையும் கவனியுங்கள்.

ஒருவருடைய தூண்டில் வளைவதைப் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு ஓடிவருபவரை இங்கே பாட்லிக்கர் என்று சொல்வார்கள், அதாவது அடுத்தவர் சட்டியை நக்குபவர். கடற்காக்கைகள் கூட்டமாக இறாலின் மேல் பாய்வதைப் பார்த்து அதற்குள் படகை விடுவதும் அதே ரகம். ஓரமாக நின்று உள்ளே வீசுங்கள், எல்லோருக்கும் கிடைக்கும். இப்போது ட்ரவுட் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றுதான், 2024இல் அப்படிக் குறைத்துவிட்டார்கள். மூன்று மீனுக்காக ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

காற்றில் மிதந்துகொண்டே மீன்பிடிக்கும் படகுகளுக்கு ஒரு வார்த்தை. மிதக்கத் தொடங்கும் முன்பே, படகு எங்கே போய்ச் சேரும் என்று காற்றின் திசையில் பார்த்துவிடுங்கள். அந்தக் கோட்டில் தொப்பி இருந்தால் வேறு கோட்டில் தொடங்குங்கள். மிதந்து வந்த பிறகு “காற்று தள்ளிவிட்டது” என்று சொல்வது சரியில்லை.

நடப்பவர்கள் செய்ய வேண்டியது

படகுக்காரர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தண்ணீரில் நிற்பவருக்கும் கடமை இருக்கிறது.

முதலாவது, கண்ணில் படுங்கள். சாம்பல் நிறச் சட்டை, பச்சைத் தொப்பி எல்லாம் மீனுக்குத் தெரியாமலிருக்கட்டும் என்று போடுவார்கள். தண்ணீருக்கு மேலே இருக்கும் தொப்பி ஆரஞ்சோ மஞ்சளோ ஆனால் மீன் குறைந்துவிடும் என்று நான் கண்டதில்லை. விடியும் முன் இறங்கினால் தலையில் விளக்கு இருக்கட்டும், படகுச் சத்தம் கேட்டதும் அதை அந்தப் பக்கம் திருப்பி அசையுங்கள். மூடுபனி இருக்கும் பிப்ரவரி காலைகளில் நான் ஒரு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். மிதவைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சான் லூயிஸ் பாஸ் பக்கம் போவதானால் அது கட்டாயம், அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மூழ்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கே இறங்கவே வேண்டாம்.

இரண்டாவது, படகு வழியில் நிற்காதீர்கள். வாய்க்கால்களின் நடுவே, குச்சி நட்டு வழி காட்டியிருக்கும் இடத்தில், இறங்குதுறையின் வாயில் நிற்பது உங்கள் உரிமை என்று வாதாடலாம். படகுக்கோ வேறு வழி கிடையாது. மீனைக் கோத்து இழுத்துவரும் கயிற்றைப் பதினைந்து இருபது அடி நீளம் விடுவோம், சுறா வந்தால் நம்மிடமிருந்து தள்ளி வரட்டும் என்று. படகு கடக்கும்போது அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ப்ரொபெல்லரில் சிக்கினால் இருவருக்கும் கஷ்டம்.

கார்த்திகை, மார்கழியில் இது பெரிய பிரச்சினையாகும். இங்கே ஓதம் சாதாரணமாக ஓரடி, ஒன்றரை அடிதான் ஏறி இறங்கும். ஆனால் வாடைக்காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் களப்புத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். சதுப்பு வற்றி, அதிலிருக்கும் சிறு மீனும் இறாலும் ஓடைகளின் வாய் வழியாக வெளியே வரும். பெரிய மீன் அந்த வாயில் காத்திருக்கும். அதனால் ஆட்களும் அங்கே நிற்பார்கள். உள்ளே மாட்டிய படகு வெளியே வருவதற்கும் அந்த ஒரே வாய்தான். இங்கே இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும். படகு ஐம்பது கஜத்துக்கு அப்பாலேயே நின்று கையைக் காட்ட வேண்டும். நிற்பவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, கையசைத்துக் கூப்பிட வேண்டும். படகு ஊர்ந்தபடி அவர் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். இரண்டு நிமிடத்தில் முடியும். மீன் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் வீச்சுவலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால், வரும் படகு அவருக்குப் பின்னால்தான் போகும். சின்ன வயதில் நான் பார்த்தது. அதை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை, படகில் இருப்பவரும் நாளைக்கு வலையோடு நிற்கப் போகிறவர்தான்.

சட்டம் எவ்வளவு தூரம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 15 குதிரைசக்திக்கு மேற்பட்ட படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு வயது அதிகம் என்றாலும் படியுங்கள், இணையத்திலேயே முடித்துவிடலாம். நியாயமான, விவேகமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதும், ஆபத்தான அலையை எழுப்புவதும் குற்றம். ஜெட் ஸ்கி ஓட்டுபவர்கள் ஆளுக்கோ படகுக்கோ கரைக்கோ 50 அடிக்குள் வந்தால் ஊர்ந்துதான் போகலாம், சூரியன் மறைந்த பிறகு ஓட்டவே கூடாது. அந்த 50 அடி சட்டத்தின் கடைசி எல்லை. 51 அடியில் முழு வேகத்தில் போனால் சட்டப்படி தப்பிக்கலாம், அந்த ஆள் உங்களை மன்னிக்க மாட்டார்.

இஞ்சினை நிறுத்தும் கயிறு இருக்கிறதே, அதை உடம்பில் மாட்டுங்கள். 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அது நாடு முழுவதும் கட்டாயம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடிக்கும். சுற்றிலும் ஆட்கள் நிற்கும் களப்பில் அதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

சண்டை வந்தால்

யாராவது உங்களுக்கு முன்னால் குறுக்கே ஓட்டிவிட்டால் கோபம் வரும். எனக்கும் வரும். கொக்கி கட்டிய இரையைப் படகின் மேல் வீசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஒருவருடைய கண்ணைக் குத்தும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கத்தவும் வேண்டாம். இஞ்சின் சத்தத்தில் அவருக்கு வார்த்தை கேட்காது, கோபம் மட்டும் தெரியும். தெரியாமல் செய்தவர் என்றால் அடுத்த தடவை அவராகவே விலகுவார். உயிருக்கு ஆபத்தாக ஓட்டினால் படகின் பக்கவாட்டில் டிஎக்ஸ் என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மீன்பிடி, படகுச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரியான கேம் வார்டனைக் கூப்பிடுங்கள். 1-800-792-4263 என்ற எண்ணில் நாள் முழுவதும் எடுப்பார்கள். இறங்குதுறையில் அதே ஆளைப் பார்த்தால், அந்த முதியவர் என்னிடம் பேசியதைப் போலப் பேசிப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேட்டித் தம்பியின் படகிலேயே போனோம். அவன்தான் ஓட்டினான், நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கரன்கவா கோவ் பக்கம் ஒரு படகு நங்கூரமிட்டு நின்றது. “அண்ணே, ஆள் யாரும் இல்லையே” என்றான். அப்புறம் அவனாகவே இஞ்சினை அடக்கி எழுந்து நின்று, காற்று போகும் பக்கம் கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தேடினான். வெகுதூரத்தில் ஒரு தொப்பி. அதற்கு அப்பால் இன்னொன்று. நான்கையும் எண்ணி முடித்த பிறகுதான் படகை வடக்கே திருப்பினான்.